யாருக்காக நிற்கிறது?

2017 ஜனவரி 31, இரவு. கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் ஒரு கட்டளையைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேர்த்துவைக்கும் தளம் அது. அதன் டேட்டாபேஸ் இரண்டு சர்வர்களில் இருந்தது. ஒன்று முதன்மை. மற்றது, முதன்மையில் நடப்பதையெல்லாம் உடனுக்குடன் பார்த்து எழுதிக்கொள்ளும் துணை. அன்று மாலை ஸ்பேம் ஆசாமிகளின் தொல்லையால் சுமை ஏறி, துணை சர்வர் பின்தங்கிவிட்டது. அது படித்து எழுத வேண்டிய பதிவுகளை, அது படிப்பதற்குள் முதன்மை அழித்துவிட்டது. இனி விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. துணையைக் காலி செய்து, முதன்மையிலிருந்து முழு நகல் எடுத்துப் போட வேண்டும்.

அதற்கென்றே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பிஜி-பேஸ்பேக்கப் என்றொரு கருவி உண்டு. அதைத்தான் ஓட்டினார். ஒன்றும் வரவில்லை. ‘செய்வதையெல்லாம் விவரமாகச் சொல்’ என்ற குறிப்பையும் சேர்த்துத்தான் கொடுத்திருந்தார். அப்படியும் ஒரு வார்த்தை இல்லை. பிழைச் செய்தியும் இல்லை, முன்னேற்றமும் இல்லை.

நிறுத்திவிட்டு மீண்டும் ஓட்டினார்கள். சில முயற்சிகளுக்குப் பிறகு ஒரு துப்பு கிடைத்தது: நகல் எடுக்க வருபவர்களுக்கு முதன்மை ஒதுக்கியிருந்த இணைப்புகள் போதவில்லை. 3 என்று இருந்ததை 32 ஆக்கினார்கள். இப்போது போஸ்ட்கிரெஸ் கிளம்பவே மறுத்தது. இயங்குதளத்திடம் அது கேட்டு வாங்கும் செமஃபோர் என்ற ஒருங்கிணைப்புக் குறிகள் அதிகமாகிவிட்டனவாம். தேடினால், மொத்த இணைப்புகளின் உச்சவரம்பு 8,000 என்று ஏறக்குறைய ஓராண்டாக அப்படியே கிடந்தது. அதை 2,000 ஆகக் குறைத்ததும் சர்வர் எழுந்தது. நகல் கட்டளையை மறுபடி தட்டினார்கள். மறுபடி அதே மௌனம்.

இங்கே ஒருவருக்கு ஒரு சந்தேகம். முன்பு ஓட்டி நிறுத்திய முயற்சிகள் துணை சர்வரின் கோப்பகத்தில் ஏதாவது அரைகுறைக் கோப்புகளை விட்டுச்சென்றிருக்குமோ? அதுதான் தடுக்கிறதோ? வழக்கமாக அப்படி இருந்தால் கருவியே சொல்லிவிடும். ஆனால் அந்த இரவில் எதைத்தான் நம்புவது? கோப்பகத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஓரிரு நொடியில் உறைத்தது. அவர் இருந்தது துணை சர்வரில் அல்ல, முதன்மையில். பதறி நிறுத்துவதற்குள் ஏறக்குறைய 300 ஜிபி போய்விட்டது. மிஞ்சியது 4.5 ஜிபி.

பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் அங்கே இல்லாத வேறொரு பொறியாளர் வந்து சொன்னார்: பிஜி-பேஸ்பேக்கப் அப்படித்தான் இருக்கும். முதன்மை தரவை அனுப்பத் தொடங்கும்வரை அது பேசாமல் காத்திருக்கும். அதில் பழுது ஏதும் இல்லை.

அந்தக் காத்திருப்பு எதற்கு என்று புரிய, பழைய மளிகைக் கடையின் கல்லாப்பெட்டியருகே கொஞ்சம் உட்கார வேண்டும்.

அங்கே இரண்டு கணக்குப் புத்தகங்கள் இருக்கும். ஒன்று சிட்டை. யார் வந்தார், என்ன வாங்கினார், எவ்வளவு கொடுத்தார் என்று நடக்க நடக்க வரிசையாகக் கிறுக்குவது. இன்னொன்று பேரேடு. முருகேசனுக்கு ஒரு பக்கம், டீக்கடைக்காரருக்கு ஒரு பக்கம் என்று பெயர்வாரியாகப் பிரித்து எழுதியது. கூட்ட நேரத்தில் யாரும் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். சிட்டையில் ஒரு வரி விழுந்துவிட்டால் போதும், கணக்கு பத்திரம். கடை ஓய்ந்தபின் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுவார்கள்.

டேட்டாபேஸும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒவ்வொரு மாற்றமும் முதலில் ஒரு தொடர் பதிவேட்டில் விழுகிறது. போஸ்ட்கிரெஸ்காரர்கள் இதை ‘வால்’ என்கிறார்கள். ஆங்கிலச் சுருக்கம்தான், ஆனாலும் ஒவ்வொரு செயலுக்கும் பின்னால் நீண்டுகொண்டே போவதால் நம் மொழியிலும் பொருந்தித்தான் போகிறது. உண்மையான தரவுப் பக்கங்கள் நினைவகத்தில் மாறி நிற்கும். வட்டுக்கு உடனே போகாது. அவ்வப்போது மொத்தமாக வட்டில் இறக்குவார்கள். அந்தக் கணக்கு முடிப்புக்குத்தான் செக்பாயின்ட் என்று பெயர். ‘இந்த வரி வரைக்கும் சிட்டையில் உள்ளதெல்லாம் பேரேட்டில் ஏறிவிட்டது’ என்று கோடு கிழிப்பது.

நகல் எடுப்பவருக்கு இந்தக் கோடு அவசியம். பேரேட்டை ஓட ஓடத்தான் படியெடுக்கிறார். எடுத்துக்கொண்டிருக்கும்போதே கடையில் வியாபாரம் நடக்கிறது. எந்த வரியிலிருந்து சிட்டையைச் சேர்த்துப் படித்தால் கணக்கு நேராகும் என்று தெரிந்தால்தான் அந்தப் படி உதவும். அதனால் நகல் வேலை தொடங்கும்போதே ‘ஒரு செக்பாயின்ட் போடு’ என்று கேட்டுவிட்டு நிற்கிறது. முதன்மை அதை உடனே செய்துவிடலாம். ஆனால் ஒரே மூச்சில் வட்டில் கொட்டினால் மற்ற வாடிக்கையாளர்கள் தவிப்பார்கள். எனவே அவசரம் என்று சொல்லாதவரை, நிதானமாகப் பரப்பிச் செய்யும். அன்றைய பதிப்பின் இயல்பான அமைப்பில் 5 நிமிட இடைவெளி, அதில் பாதி நேரத்துக்குள் எழுதி முடிப்பது இலக்கு. அதாவது இரண்டரை நிமிடம். அமைப்பை மாற்றிய சர்வர்களில் இன்னும் நீளலாம்.

இரண்டரை நிமிடம் கேட்பதற்குச் சின்னதாகத்தான் இருக்கும். நள்ளிரவில், தளம் தள்ளாடிக்கொண்டிருக்கும்போது, அசையாத கர்சரைப் பார்த்துக்கொண்டு இரண்டரை நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.

அன்றிரவு நடந்தவற்றில் என்னை மிகவும் உறுத்துவது அழித்த கட்டளை அல்ல. அதற்குச் சற்று முன்னால் நடந்த ஒன்று. ஒரு பொறியாளர் எஸ்ட்ரேஸ் என்ற கருவியை எடுத்து, நின்றுபோன நகல் நிரல்மீது வைத்துப் பார்த்திருக்கிறார். மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைப்பதுபோல. ஒரு நிரல் இயங்குதளத்திடம் என்னென்ன கேட்கிறது என்று அது வரிவரியாகக் காட்டும். அன்று காட்டியது ஒரே அழைப்பு: ‘போல்’. ‘இந்த இணைப்பில் ஏதாவது வந்தால் எழுப்பு, அதுவரை தூங்குகிறேன்’ என்று பொருள். இதனால் பயன் இல்லை என்று அவர்கள் அடுத்த யோசனைக்குப் போய்விட்டார்கள்.

பயன் இருந்தது. நிரல் உயிரோடு இருக்கிறது. தன் பக்கத்தில் அதற்கு வேலை ஒன்றும் இல்லை. வட்டில் எழுதவில்லை, எந்தக் கோப்பும் அதைத் தடுக்கவில்லை. அடுத்த முனையில் இருப்பவர் வாய் திறக்கக் காத்திருக்கிறது. அப்படியென்றால் பார்க்க வேண்டிய இடம் துணை சர்வரின் கோப்பகம் அல்ல. முதன்மை அந்நேரம் என்ன செய்துகொண்டிருந்தது என்பது. இதை நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தபின் நான் எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

‘தொங்கிவிட்டது’ என்று நாம் சொல்லும்போது நிரலின் நிலையைச் சொல்வதாக நினைக்கிறோம். உண்மையில் நமக்குத் தகவல் வரவில்லை என்பதைத்தான் சொல்கிறோம். ஊருக்குப் போன் போடுகிறீர்கள். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. பாட்டி குளிக்கிறாரா, தோட்டத்தில் இருக்கிறாரா, வழுக்கி விழுந்துவிட்டாரா? மணியோசையில் அதற்கு விடை இல்லை. பத்துமுறை போட்டாலும் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போட்டால்தான் தெரியும்.

கணினி அறிவியலில் இது வெறும் அனுபவப் பேச்சல்ல, நிறுவப்பட்ட தேற்றத்தின் அடியில் கிடக்கும் உண்மை. மைக்கேல் ஃபிஷர், நான்சி லிஞ்ச், மைக்கேல் பேட்டர்சன் மூவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று உண்டு. செய்தி போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு உச்சவரம்பு இல்லாத வலையமைப்பில், ஒரே ஒரு கணினி செத்துப்போகலாம் என்றாலும், எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்தே தீருவார்கள் என்று உறுதிதரும் முறை எதுவும் இருக்க முடியாது என்று அவர்கள் நிறுவினார்கள். காரணத்தைப் பச்சையாகச் சொன்னால் இதுதான்: பதில் சொல்லாதவர் மெதுவானவரா, செத்தவரா என்று வெளியிலிருந்து பிரித்தறிய வழியில்லை. ‘பத்து நிமிடம் பார்ப்போம், வராவிட்டால் செத்ததாக வைத்துக்கொள்வோம்’ என்று நாம் வைக்கும் காலக்கெடுவெல்லாம் ஊகமே. சரியான ஊகமாக இருக்கலாம், அறிவு அல்ல.

அந்த ஊகத்தை ஒவ்வோர் அடுக்கும் தன் விருப்பப்படி வைத்திருப்பது இன்னொரு வேடிக்கை. பேக்கப் ஓடும்போது நடுவில் உள்ள ஃபயர்வால், ‘இந்த இணைப்பில் வெகுநேரமாகப் பேச்சே இல்லை’ என்று யாருக்கும் சொல்லாமல் தன் பட்டியலிலிருந்து அடித்துவிடும். இரு முனைகளுக்கும் அது தெரியாது. இரண்டும் மற்றவர் பேசட்டும் என்று உட்கார்ந்திருக்கும். லினக்ஸின் இயல்பான அமைப்பில், உயிர்ச்சோதனை கேட்டு வாங்கிய இணைப்பாக இருந்தால்கூட, முதல் சோதனைச் செய்தி போவது 7,200 நொடி கழித்து. அதையும் சேர்த்து 75 நொடிக்கு ஒன்றாக ஒன்பது. ஆக, செத்த இணைப்பைச் செத்தது என்று ஒப்புக்கொள்ள 2 மணி 11 நிமிடம் 15 நொடி. அதற்குள் ஷிஃப்ட் மாறி, பொறுப்பு வேறொருவர் தலையில் விழுந்திருக்கும்.

வெளியிலிருந்து தெரியாது என்றால் உள்ளே போய்ப் பார்ப்பதே வழி. நின்றிருக்கும் எதுவும் யாருக்காகவோ எதற்காகவோ நிற்கிறது. அந்த ‘யாருக்காக’ என்பதைக் கேட்டுக்கொண்டே அடுத்த ஆளிடம் போக வேண்டும்.

டேட்டாபேஸுக்குள்ளேயே நடக்கும் காத்திருப்பு பெரும்பாலும் பூட்டுகளால் வருவது. தாலுகா அலுவலகத்தில் ஒரு நிலப் பதிவேடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்துப் படிக்கலாம், குற்றமில்லை. அதில் ஒரு பத்தியையே கூடுதலாகச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று ஒருவர் வந்தால், படிப்பவர்கள் எல்லாரும் விலகிய பிறகே அவர் கையில் தர முடியும். அவர் காத்திருக்கிறார். அடுத்து, சும்மா படிக்கவந்த ஒருவர். அவரை உள்ளே விட்டால், பாவம், முன்னால் நிற்பவருக்கு முறையே வராது. ஆகவே அவரும் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். அடுத்தவரும். கொஞ்ச நேரத்தில் வாசல்வரை வரிசை. உள்ளே ஒரே ஒருவர் நிதானமாகப் படித்துக்கொண்டிருக்கிறார்.

போஸ்ட்கிரெஸின் இன்னொரு நகல் கருவியான பிஜி-டம்ப் அந்தப் படிப்பவர்தான். தொடங்கும்போதே நகலெடுக்க வேண்டிய அட்டவணைகள் எல்லாவற்றின்மீதும் ‘படிக்கிறேன், அமைப்பை மாற்றாதீர்கள்’ என்று இலேசான பூட்டுப் போடும். யாராவது முன்பே வந்து ஓர் அட்டவணையின் அமைப்பை மாற்றத் தொடங்கி, மாற்றத்தை உறுதிசெய்யும் ‘கமிட்’ சொல்லாமல் டீ குடிக்கப் போயிருந்தால், பேக்கப் அந்தப் பூட்டின் வாசலில் நின்றுவிடும். டீ குடிப்பவர் திரும்பும்வரை நிற்கும். தலைகீழாகவும் நடக்கும்: பேக்கப் மூன்று மணி நேரம் படிக்கிறது, நடுவில் ஒருவர் அமைப்பை மாற்ற வருகிறார், அவர் பின்னால் மொத்தத் தளமும் வரிசையில் நிற்கிறது. காலையில் பழி பேக்கப்பின்மேல். மை-எஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸிலும் இதன் ஒன்றுவிட்ட சகோதரன் உண்டு. எல்லா அட்டவணைகளையும் ஒரு கணம் படிப்புக்கு மட்டும் என்று பூட்டக் கேட்கும் கட்டளை, எங்கோ ஓடும் நீளமான ஒரு கேள்வி முடியக் காத்திருக்கும்.

இந்த வகைக்கு மருந்து எளிது. யாரை யார் மறிக்கிறார் என்று டேட்டாபேஸிடமே கேட்கலாம், போஸ்ட்கிரெஸில் 9.6 பதிப்பிலிருந்து அதற்கென்றே ஒரு செயல்கூறு இருக்கிறது. கேட்கத் தோன்ற வேண்டும், அவ்வளவே.

கேட்க ஆளில்லாத காத்திருப்புதான் கடினம். எனக்கு வாய்த்த ஒன்றைச் சொல்கிறேன். இடம் சென்னை, அலுவலகத்தின் பெயர் வேண்டாம். விடிகாலை மூன்று மணிக்குப் போன். பணியில் சேர்ந்து ஆறு மாதமான பெண்.

“சார், பேக்கப் ஹேங் ஆயிடுச்சு. ஃபைல் சைஸ் ஒரு மணி நேரமா அப்படியே இருக்கு. கில் பண்ணிட்டு ரீரன் பண்ணிடவா?”

“வேண்டாம்மா. கில் பண்ணினா அது ஏன் நின்னுச்சுன்னு இனிமே தெரியாது. நாளைக்கும் நிக்கும். டிஸ்க்குல இடம் இருக்கா?”

“இருக்கு சார். பாதிக்கு மேல காலி. டிபி-லயும் லாக் எதுவும் இல்ல, பாத்துட்டேன்.”

அதைக் கேட்டபோதே இந்தப் பெண் தேறிவிடுவாள் என்று தோன்றியது. எஸ்ட்ரேஸ் வைத்துப் பார்க்கச் சொன்னேன். திரையில் வந்தது பாதி வரி. ‘ரைட்’ என்ற அழைப்பு, அடைப்புக்குறி திறந்து, உள்ளே 2 என்ற எண், ஒரு செய்தியின் தொடக்கம், முடிவு இல்லை. எழுதப் போன கை காற்றில் நிற்கிறது.

அந்த 2-இல்தான் முழுக்கதையும் இருந்தது. யுனிக்ஸ் மரபில் ஒவ்வொரு நிரலுக்கும் பிறக்கும்போதே மூன்று வாசல்கள். 0 உள்ளே வருவது, 1 வெளியே போவது, 2 புலம்புவதற்கு. பிழைகளும் விவரச் செய்திகளும் மூன்றாவது வாசல் வழியாகப் போகும். பேக்கப்பின் தரவு எழுதப்படுவதில் தடையே இல்லை. புலம்பத்தான் முடியவில்லை!

“அதை ஸ்டார்ட் பண்ணின ஸ்கிரிப்ட் என்ன பண்ணுது பாரு.”

“வெயிட்ல இருக்கு சார். சைல்டு முடியறதுக்காக.”

நான்கு வருடத்துக்கு முன் யாரோ எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட் அது. பிஜி-டம்ப்பை ஓட்டும், அதன் புலம்பல் வாசலில் ஒரு குழாயைப் பொருத்தும், நிரல் முடிந்தபிறகு குழாயில் உள்ளதைப் படித்துப் பதிவில் சேர்க்கும். முடிந்தபிறகு. லினக்ஸில் ஒரு குழாய் பிடிக்கும் அளவு, மாற்றாதவரை, 65,536 பைட். அது நிரம்பிவிட்டால் எழுதுபவர் தூங்க வேண்டியதுதான், எதிர்முனையில் யாராவது எடுத்துக் காலி செய்யும்வரை. எடுக்க வேண்டியவரோ, எழுதுபவர் முடிக்கட்டும் என்று நிற்கிறார். இருவரும் கும்பிட்டபடி ‘நீங்க முதல்ல’ என்று வாசற்படியில் நிற்கும் சம்பந்திகள்.

இந்த நிலையைக் கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா 1960-களிலேயே ‘கொலைத்தழுவல்’ என்ற பொருளில் அழைத்தார். இன்று டெட்லாக் என்கிறோம். பயங்கரமான பெயர்தான், ஆனால் இங்கே ஒருவரும் ஒருவரையும் கொல்லவில்லை, மரியாதை மிகுந்துவிட்டது.

நான்கு வருடம் ஓடியது ஏன் அன்று நின்றது? விவரமாகச் சொல்லச் சொன்னால் பிஜி-டம்ப் ஒவ்வோர் அட்டவணைக்கும் சில வரிகள் பேசும். வரிக்குச் சராசரி 70 பைட் என்று வைத்தால், 900-க்குச் சற்று மேற்பட்ட வரிகளில் குழாய் நிரம்பிவிடும். அந்த டேட்டாபேஸில் மாதத்துக்கு மாதம் பிரித்துவைத்த அட்டவணைகள் சில இருந்தன. ஒவ்வொரு மாதமும் சில அட்டவணைகள் கூடின. புலம்பல் சில வரிகள் நீண்டது. ஜனவரியில் 60,000 பைட்டைத் தாண்டியிருக்கும். யாரும் பார்க்கவில்லை, பார்க்க ஒன்றுமில்லை. அந்த விடிகாலையில் ஏதோ ஓர் அட்டவணையின் பெயரை உச்சரிக்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. வட்டில் இடம் இருந்தது, வலையமைப்பு நன்றாக இருந்தது, பூட்டுகள் இல்லை. வழக்கமான சந்தேக நபர்கள் எல்லாருக்கும் அலிபி.

லினக்ஸில் ஒரு நிரல் திறந்துவைத்திருக்கும் வாசல்களை வேறொரு நிரலும் எட்டிப்பார்க்க முடியும். அந்தக் குழாயின் படிக்கும் முனையைத் தேடி, ‘கேட்’ கட்டளையால் காலி செய்யச் சொன்னேன். தேங்கியிருந்த அத்தனையும் அவள் திரையில் கொட்டியது. போனில் விசைப்பலகைச் சத்தம் நின்றது.

“சார்... ஃபைல் சைஸ் ஏறுது!”

மறுநாள் ஸ்கிரிப்டில் ஒரே வரியை மாற்றினோம். புலம்பல் குழாய்க்குப் பதிலாகக் கோப்புக்குப் போனது. கில் செய்திருந்தால்? மறுபடி ஓட்டி, மறுபடி அதே அட்டவணையில் நின்று, ‘அந்த டேபிள் கரப்ட் ஆயிடுச்சு’ என்ற முடிவுக்கு ஒரு கூட்டம் கூடி வந்திருப்போம். அப்படிப்பட்ட கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

கில் செய்தாலும் சாகாத ரகமும் உண்டு. நகலை எழுதும் இடம் வலையமைப்பில் உள்ள வேறொரு சேமிப்பகமாக இருந்து அது மறைந்துவிட்டால், நிரல் இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள்ளேயே உறைந்துவிடும். நிரல் பட்டியலில் அதன் நிலை ‘டி’ என்று தெரியும். கடைசி ஆயுதமான 9-ஆம் எண் சிக்னலுக்கும் பல நேரம் அசையாது. கட்டளையை மேலும் மேலும் தட்டுவதைவிட சேமிப்பகத்தை எழுப்புவது நல்லது.

ஒன்றுமே புரியாதபோது நான் செய்வது கிழவிகள் செய்யும் வேலை. பத்து நிமிட இடைவெளியில் இரண்டுமுறை மூக்கருகே கை வைத்துப் பார்ப்பது. நிரல் இதுவரை எத்தனை பைட் படித்தது, எத்தனை எழுதியது என்று லினக்ஸ் கணக்கு வைத்திருக்கிறது. இரண்டு எண்களும் மாறியிருந்தால் அது மெதுவாக இருக்கிறது, தொந்தரவு செய்யாதீர்கள். மாறவே இல்லையென்றால் யாருக்காகவோ நிற்கிறது, தேடத் தொடங்குங்கள்.

கிட்லேபுக்குத் திரும்புவோம். முதன்மை போனபிறகு பேக்கப்பைத் தேடினார்கள். தினமும் பிஜி-டம்ப் எடுத்து அமேசான் சேமிப்பகத்துக்கு அனுப்ப ஏற்பாடு இருந்தது. போய்ப் பார்த்தால் அங்கே நகல் இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, ஓடிய கருவியோ 9.2. பதிப்பு பொருந்தவில்லை என்று ஒவ்வொரு முறையும் பிழை சொல்லி நின்றிருக்கிறது. அந்தப் பிழையை மின்னஞ்சலில் அனுப்பவும் செய்திருக்கிறது. அனுப்புநர் சான்று சரியில்லை என்று பெறும் சர்வர் அந்த அஞ்சல்களைத் திருப்பிவிட்டது. பொறியாளர்களுக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. வராததால் எல்லாம் நலம் என்று இருந்துவிட்டார்கள். இத்தனை இரவுகள் அமைதியை நலம் என்று படித்தவர்கள், அந்த ஒரே இரவில் அமைதியைப் பழுது என்று படித்தார்கள். இரண்டு முறையும் தப்பு.

காப்பாற்றியது ஒரு தற்செயல். சோதனைச் சர்வருக்காக ஒரு பொறியாளர் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தார். சோதனைச் சர்வரின் வட்டு மந்தம். திரும்பக் கொண்டுவர ஏறக்குறைய 18 மணி நேரம் பிடித்தது. அதை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், குறிப்பேட்டையும் ஊருக்கே திறந்துவைத்தார்கள். மறைக்காத அந்தக் குணத்தால்தான் இந்த அத்தியாயத்தை என்னால் எழுத முடிகிறது. ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட தரவு மீளவில்லை. தோராயமாக 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர்கள்.

அதே 2017-ஆம் ஆண்டு அக்டோபரில் போஸ்ட்கிரெஸின் 10-ஆம் பதிப்பு வந்தது. விவரம் கேட்டு பிஜி-பேஸ்பேக்கப்பை ஓட்டினால் இப்போது உடனே ஒரு வரி வருகிறது: பேக்கப்பைத் தொடங்குகிறது, செக்பாயின்ட் முடியக் காத்திருக்கிறது.